நிற்க விடாத தரை

டெல்மா குபாலாவுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாது. கார்லண்டில் கணினி விளையாட்டு செய்யும் அந்தச் சின்ன அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் அது தெரிந்துபோயிற்று. விளையாட்டில் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு லெவலைக் கட்டி முடித்து, வெளிச்சம் எங்கே விழ வேண்டும், நிழல் எங்கே படிய வேண்டும் என்று கணக்குப் போடும்படி கணினியிடம் ஒப்படைத்துவிட்டால், அது பாதி நாள் முனகிக்கொண்டே கிடக்கும். மற்றவர்கள் அந்த நேரத்தில் சாப்பிடப் போவார்கள், இல்லை நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணயர்வார்கள். டெல்மா வெளியே போய், வண்டிகள் நிற்கும் தார்த்தரையில் நடப்பாள். டெக்சஸ் வெயில். தார் இளகிச் செருப்பில் ஒட்டும். பக்கத்து டோனட் கடைக்காரர் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "அந்தம்மா என்னத்தத் தொலைச்சுச்சு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார்.

அவளுக்குச் சொந்த ஊர் தெற்கே என்னிஸ் என்ற சிற்றூர். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அப்பா விட்டுப்போன ரொட்டிக் கடையை அக்கா ஜார்ஜீன் நடத்திக்கொண்டிருந்தாள். மாவில் குழி செய்து அதில் பழக்கூழ் வைத்துச் சுடும் கொலாச்சி அந்தக் கடையில் பெயர்போனது. தங்கைக்கு அடுப்படி சரிப்படவில்லை. டல்லஸுக்குப் போய் வணிக வளாகங்களுக்கு வரைபடம் போட்டாள். அலுத்துப்போய்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போட்டாள். அதுவும் அலுத்து, விமான நிலையத்தில் வாடகைக் கார் கொடுக்கும் வேலைக்குப் போனாள். கல்யாணமும் அப்படித்தான் ஆயிற்று. புருஷன் தங்கமான ஆள், சண்டை என்று ஒன்று வந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள், குழாயை மூடிவிட்டு உள்ளே போய்ப் பெட்டி கட்டினாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. இவள் எப்போதாவது போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது போல. போகும்போது வீட்டுக் கணினியைக் காரில் தூக்கி வைத்தவனும் அவன்தான்.

அந்தக் கணினிக்குள் 'குளிர் உலை' என்றொரு விளையாட்டு இருந்தது. அதில் ஆடுகிறவரின் உருவம் தெரியாது. திரையின் அடியில் ஒரு கை, கையில் ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். மீதியெல்லாம் நம் கண்ணே நேரில் பார்ப்பது போல நகரும். எதிரே வரும் ஜந்துக்களைச் சுட்டுக்கொண்டே கதவு கதவாகப் போக வேண்டும். ஊரே அதைச் சுடுவதற்காக விளையாடியது. டெல்மா கதவுகளுக்காக விளையாடினாள். அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன? அதற்கும் பின்னால்? கதவுகள் தீர்ந்துபோனதும் அவளுக்கு மூச்சு முட்டியது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கருவியை இறக்கிக்கொண்டு, தானே அறைகள் கட்டத் தொடங்கினாள். கட்டியதைப் பொதுவில் போட்டாள். நார்வேயிலிருந்து ஒருத்தன், "உன் பாதாளத்தில் வழி தெரியாமல் அழுதுவிட்டேன். அடுத்தது எப்போது?" என்று எழுதினான்.

இப்படித்தான் அவள் ஹோலிஸ் லெட்பெட்டர் கண்ணில் பட்டாள்.

ஹோலிஸ் முன்பு கம்பளம் விற்றவர். பேச்சு ஜமுக்காளம் மாதிரி விரிந்துகொண்டே போகும். குளிர் உலையைச் செய்த பெரிய கம்பெனியிடம் பேசி, அதற்கு ஒரு கூடுதல் பாகம் செய்யும் அனுமதியை வாங்கியிருந்தார். மூல விளையாட்டு கையில் இருக்கிறவர்கள் தனியாகப் பெட்டியில் வாங்கி அதன்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியது. புதிய லெவல்கள், இரண்டு மூன்று புதிய ஜந்துக்கள், ஒரு புதுத் துப்பாக்கி. சந்திரனில் ஓர் உப்புச் சுரங்கம் என்பது கதை. பெயர், 'உப்புத் தொண்டை'.

"அடுத்தவன் கட்டின வீட்டுக்கு நாம மாடி எடுக்கிறோம், டெல்மா," என்றார் ஹோலிஸ், முதல் நாள். "அஸ்திவாரம் அவன் போட்டுட்டான். ஓடுற வண்டியில ஒரு பெட்டியக் கோத்துவிட்டா போதும், அதுவா இழுத்துட்டுப் போயிடும்."

"வீடா, வண்டியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க ஹோலிஸ்."

"எது விக்குதோ அது!"

கணினி நிரல் எழுதுகிறவள் லியென். இருபத்துநாலு வயது. அப்பா அம்மா வியட்நாமின் சைகோனிலிருந்து வந்தவர்கள், கார்லண்டிலேயே மீன் கடை வைத்திருந்தார்கள். மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத வீடு. அதனால் டெல்மா அவளுக்கு முதல் நாளிலிருந்தே அக்கா. லியென் அதிகம் பேச மாட்டாள். தர்பூசணி விதையைப் பல்லில் கடித்து உடைத்துக்கொண்டே தட்டச்சு செய்வாள். மேசைமேல் தோல் குவிந்துகிடக்கும். ஓவியம் வரைகிறவர்கள் இரண்டு பேர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். ஆக அலுவலகத்தில் பொழுதெல்லாம் இந்த இரண்டு பெண்களும் ஹோலிஸின் தொலைபேசிக் குரலும்தான்.

லெவல்கள் கட்டுவது டெல்மாவின் பங்கு. கடைசி லெவலில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். கட்டுவாள், பிடிக்காது, இடிப்பாள். "நல்லாத்தானே இருக்கு?" என்று ஹோலிஸ் கேட்டால், "அங்க போய் நின்னா எனக்கு வேற எங்கயாவது போகணும்னு தோணுது," என்பாள்.

ஒருநாள் வெயிலில் நடந்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து லியெனின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லியென், நின்னா தரை எறங்கணும்."

"எந்தத் தரை அக்கா?"

"எல்லாத் தரையும். ஆடுறவன் எந்த எடத்துல நின்னாலும் அவன் காலடியில இருக்கிற துண்டு மட்டும் மெதுவா உள்ள போகணும். கீழ உப்புத் தண்ணி. ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது."

லியென் விதையைத் துப்பினாள். "அப்ப குறிபாத்துச் சுடுறது எப்ப?"

"ஓடிக்கிட்டேதான்."

"குண்டு தீந்தா?"

"ஓடிக்கிட்டேதான்."

"அக்கா, இது விளையாட்டு இல்ல. இது நீங்க." லியென் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, திரையைப் பார்த்தபடி, "ஆனா செய்யலாம்," என்றாள்.

செய்வது லேசாக இருக்கவில்லை. தரையைத் துண்டு துண்டாக அசைய விட்டால் கணினி திணறியது. லியென் ஒரு வழி கண்டுபிடித்தாள், அது உடைந்தது, இன்னொன்று கண்டுபிடித்தாள். ஒருநாள் தரைக்குப் பதில் கூரை இறங்கி ஜந்துக்களையெல்லாம் நசுக்கிவிட, ஹோலிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சித்திரை வெயிலோடு வரும் புயல் காலமும் வந்தது. ஒரு பிற்பகல் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் ஜன்னல் இல்லாத இடத்தில் பதுங்க வேண்டும், அந்த அலுவலகத்தில் அப்படி இருந்தது கழிவறை ஒன்றுதான். டெல்மாவும் லியெனும் அதற்குள் தரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். வெளியே ஆலங்கட்டி, யாரோ கூழாங்கல்லை வண்டி வண்டியாகக் கொட்டுவது போல.

"சங்கு நிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. உங்களால முடியுமா?" என்றாள் லியென்.

"முடியல. கால் குறுகுறுங்குது."

லியென் தன் இரண்டு கைகளாலும் அவள் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பேச்சுக் கொடுத்தாள். சிறு வயதில் அகதிகள் முகாமில் அம்மா இப்படித்தான் அவள் காலைப் பிடித்துக்கொள்வாளாம், ஓடிவிடக் கூடாதென்று. "இங்க வந்தப்புறம் நான் எங்கயும் போகணும்னு நெனச்சதே இல்லக்கா. இந்தத் தெரு, இந்தக் கடை, இந்த வேலை. இது நெலச்சாப் போதும்." சங்கு நின்றதும் முதலில் எழுந்து கதவைத் திறந்தவள் டெல்மாதான்.

கோடையில் பெரிய கம்பெனியிலிருந்து பிரைஸ் ஹனிகட் வந்தான். அதுவரை செய்து முடித்ததைப் பார்த்துவிட்டுப் போக வந்தவன். மற்ற லெவல்களைக் கொட்டாவியோடு ஆடினான். கடைசி லெவலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஓடினான், செத்தான், மறுபடி ஓடினான். எழுந்தபோது உள்ளங்கை ஈரத்தைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "இது யார் யோசன?" என்றான்.

லியென் டெல்மாவைக் காட்டினாள்.

அவன் போகும்போது டெல்மா வழக்கம்போல வெளியே நடந்துகொண்டிருந்தாள். ஆலங்கட்டி பட்டுக் குழிவிழுந்த அவள் காரில் சாய்ந்துகொண்டு அவன் கேட்டான்.

"நாங்க ரெண்டாவது ஆட்டம் பண்றோம். கூடுதல் பாகம் இல்ல, முழுசு. உங்கள மாதிரி ஆளு அங்கதான் இருக்கணும். வர்றீங்..."

"வர்றேன்," என்றாள் டெல்மா. அவன் வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

சம்பளத்தைக்கூட அவள் கேட்கவில்லை. புதிய கட்டடம், புதிய கதவுகள் என்று மட்டும் மனம் துள்ளியது. அவன் வண்டியில் ஏறிக்கொண்டு, போகிற போக்கில் சொல்வது போல மீதியைச் சொன்னான்: "அந்தத் தரை எங்க ஆட்டத்துக்கு வேணும். ஒப்பந்தப்படி எல்லாம் எங்களோடதுதானே. ஹோலிஸ்கிட்ட நானே பேசிக்கிறேன், அவர் பெட்டியில அது வரக் கூடாது."

டெல்மா வாயைத் திறந்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். "சரி, அவங்க வேற ஏதாவது செஞ்சுக்குவாங்க," என்றுதான் வந்தது.

ஹோலிஸ் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளக் கடைக் காலத்து வாய்ஜாலமெல்லாம் வற்றிப்போனவராக, "கடைக்குப் பெட்டி போற தேதி குறிச்சாச்சும்மா," என்றார். "நாலு மாசம்கூட இல்ல. முடிவே இல்லாத ஆட்டத்த எப்படி விக்கிறது?"

லியென் திரும்பிப் பார்க்கவில்லை. டெல்மா தன் குவளையையும் காகிதங்களையும் அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"லியென், அங்க போனதும் உன்னப் பத்திச் சொல்றேன். உன்னையும் எடுத்துக்குவாங்க."

"நான் எங்கயும் போகணும்னு கேக்கலியே."

"கோவமா?"

"அந்தத் தரையில உங்க யோசன எவ்வளவு, என் ராத்திரி எவ்வளவுன்னு நான் கணக்குக் கேக்கலக்கா. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் நீங்க. சொல்லிட்டுப் போயிருந்தா, போனாலும் பரவாயில்ல." அதற்குமேல் விதை உடையும் சத்தம்தான்.

பெரிய கம்பெனி கண்ணாடிக் கோபுரத்தில் இருந்தது. தளத்துக்குத் தளம் குளிர்பானம் இலவசம். நடப்பதற்கு நீண்ட தாழ்வாரங்கள் இருந்தன. டெல்மாவுக்கு முதல் மாதம் தேன். இரண்டாவது மாதம் கூட்டம். மூன்றாவது மாதமும் கூட்டம். தரை எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும் என்று பேசினார்கள். தரை இறங்கத்தான் வேண்டுமா என்று பேசினார்கள். ஆடிப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தலை சுற்றியது என்றார்கள். கடைசியில் ஒருநாள் பிரைஸ் அவள் மேசையோரம் வந்து, "தரைய இப்பத்திக்கு ஒதுக்கி வெச்சிருக்கோம்," என்றான்.

"ஒதுக்கின்னா?"

"இல்லன்னு வெச்சுக்கோங்க."

"அப்ப அதை அவங்க பெட்டியிலயே விட்டிருக்கலாமே!"

"அது அப்போ, டெல்மா," என்றான் அவன், பொறுமையாக, குழந்தையிடம் சொல்வது போல. அவளுக்கு ஒரு கதவை வடிவமைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அந்தக் கதவைப் பற்றியும் கூட்டம் போட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் உப்புத் தொண்டை கடைக்கு வந்தது. டெல்மா பக்கத்து ஊரான மெஸ்கீட்டின் கடைத்தெருவில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கினாள். சனிக்கிழமை காலை. ஜார்ஜீன் ஊரிலிருந்து கொலாச்சி கொண்டுவந்திருந்தாள். தங்கை திரையைவிட்டுத் திரும்பவில்லை.

தான் கட்டிய லெவல்களை அவள் வேகமாகக் கடந்தாள். கடைசி லெவல் வந்ததும் மெதுவானாள். லியென் அதுவரை ஒரு லெவல்கூடக் கட்டியதில்லை. ஆனாலும் வெள்ளம் புகுந்த ஒரு சுரங்கத்தை எழுப்பியிருந்தாள். நீரில் மூழ்கி, மூச்சுத் திணறி, கூரையோடு ஒட்டிய காற்றுக் குமிழில் முகத்தை நீட்டி மூச்சு வாங்கி, மறுபடி மூழ்க வேண்டும். கட்டியவளுக்குக் கை பழகவில்லை என்பது சுவர்களில் தெரிந்தது. ஆனால் அந்தக் குமிழ்களில் முகத்தை வைத்துக்கொண்டு டெல்மா அசையாமல் இருந்தாள். கீழே தண்ணீர் கறுத்துக் கிடந்தது. இவளுக்கு இறங்க மனம் வரவில்லை.

"ஏன்டி, நல்லாருக்கா?" என்றாள் ஜார்ஜீன்.

"பயமா இருக்கு."

"அப்ப நல்லாருக்குன்னு அர்த்தமா?"

கடைசி வாசல் வந்தது. வாசலில் ஒரு பெரிய ஜந்து. டெல்மா சுட்டாள். அது வாசற்படியிலேயே விழுந்தது. கதவு பாதி திறந்து, பிணத்தில் இடித்து, மூடிக்கொண்டது. மறுபடி பாதி திறந்து, மறுபடி மூடியது. வெளியே போக முடியவில்லை. ஆட்டம் அங்கேயே நின்றுபோயிற்று. இணையத்தில் போய்ப் பார்த்தாள். உப்புத் தொண்டை வாங்கியவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். "முடிவே இல்லாத ஆட்டத்துக்குக் காசு" என்று ஒருவன் எழுதியிருந்தான்.

தொலைபேசியில் கூப்பிட்டாள். லியென் இவள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள்.

"போகப் போறியா?" என்றாள் ஜார்ஜீன்.

"போகணும்."

"எங்க போறதுக்கும் நீ யோசிச்சதில்ல. இதுக்கு மட்டும் ஏன் வாசல்ல நின்னுட்டிருக்க?"

டெல்மா கொலாச்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள்.

அலுவலகத்தில் லியென் தனியாக இருந்தாள். ஹோலிஸ் பெட்டியை விற்ற கடைக்காரர்களைச் சமாதானப்படுத்த ஆஸ்டின் போயிருந்தார். லியெனின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. டெல்மா கொலாச்சிப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"கதவு விஷயமாத்தானே வந்தீங்க? எனக்குத் தெரியும். பொணம் இடிக்குது. பொணத்த மறைய வெச்சுப் பாத்துட்டேன், ஆட்டமே நின்னுடுது. உங்க உதவி வேணாம்."

"சரி."

"பின்ன ஏன் நிக்கிறீங்க?"

"அன்னைக்கி நான் வாயத் தொறந்தேன், லியென். வேணாம்னு சொல்ல வரல. எனக்குப் போகணும்னு இருந்துச்சு, அதுக்கு எது குறுக்க வந்தாலும் தள்ளிட்டுப் போயிருப்பேன். நீ குறுக்க இருந்த."

லியென் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். "அந்தத் தரை எப்படி இருக்கு அங்க?"

"இல்ல. தூக்கிப் போட்டுட்டாங்க."

லியெனுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காலால் பக்கத்து நாற்காலியை இவள் பக்கம் தள்ளினாள்.

டெல்மா உட்கார்ந்தாள். "கதவத் தொடாத. பொணத்தையும் தொடாத. அந்த ஜந்து வாசப்படிக்கே வரக் கூடாது. வாசலுக்கு முன்னாடி ஒரு குழி வெட்டு, குறுகலா. ஆடுறவன் தாண்டிடுவான், அதால முடியாது."

"குழியில விழுந்தா?"

"விழுந்தா ஏற ஏணி வை. பாவம், அவ்வளவு தூரம் நீந்தி வந்திருக்கான்."

குழி வெட்டினார்கள். ஏணி வைத்தார்கள். கணினியை நிழல் கணக்குப் போட விட்டார்கள். டெல்மாவின் கால் ஆடத் தொடங்கியது. வெளியே போகப் பார்த்தாள். லியென் கொலாச்சியை அவள் பக்கம் நகர்த்தினாள். கணினி முனகி முடிக்கும் வரை டெல்மா அங்கேயே இருந்தாள், நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டு. திருத்தத்தை லியென் பெயரில் இணையத்தில் இலவசமாக விட்டார்கள். ஏச்சு மெல்ல அடங்கியது. தண்ணீர் லெவலை ஆடியவர்கள் வேறு மாதிரி எழுதத் தொடங்கினார்கள்.

லியென் மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அதைப் பற்றிப் பிறகு இருவரும் பேசியதே இல்லை. அக்கா என்று கூப்பிடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

டெல்மா பெரிய கம்பெனியைத் தை பிறக்கும் முன்பே விட்டுவிட்டாள். அவர்களுடைய இரண்டாவது ஆட்டம் வரவே இல்லை. ஹோலிஸ் இன்னொரு கூடுதல் பாகம் எடுத்தார், இந்தமுறை வேறு கம்பெனியின் ஆட்டத்துக்கு. டெல்மா திரும்பி வந்தாள். அதை முடித்ததும் போனாள். ஹூஸ்டனில் ஒரு குழு, டென்வரில் ஒரு குழு, கொஞ்ச நாள் கனடாவில் கூட. எல்லாம் கூடுதல் பாகங்கள்தான். அந்த வேலை தன்னைப் போன்றவளுக்கென்றே செய்யப்பட்டது என்பதை அவள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டாள். அடுத்தவர் வீட்டுக்குப் போகலாம், இல்லாத அறைகளை எழுப்பலாம், பெட்டி கடைக்குப் போனதும் யாரையும் நோகடிக்காமல் கிளம்பலாம். ஒரே ஒரு வழக்கம் புதிதாகச் சேர்ந்தது. கதவுகளெல்லாம் திறந்து மூடுகின்றனவா என்று பார்க்காமல் அவள் எந்த ஊரையும் விட்டுப் புறப்பட்டதில்லை.

பிறகு பெட்டியில் விற்கும் காலமே போயிற்று. ஹோலிஸ் மீன்பிடிப் படகு விற்கப் போனார். லியென் கார்லண்டிலேயே இருந்தாள், அதே தெருவில் சொந்தக் குழு வைத்து, பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்து. ஒருமுறை டெல்மா ஊர் வழியாகப் போனபோது, மீன் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டார்கள்.

"எங்கிட்ட ஒரு நாற்காலி காலியா இருக்குக்கா," என்றாள் லியென்.

"எத்தன நாளைக்கி?"

"அதை நான் கேக்கல."

டெல்மா சூப்பை உறிஞ்சினாள். வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. "கார்ப்பஸ் கிறிஸ்டியில துறைமுகத்துக்கு வரைபடம் போட ஆள் கேக்கிறாங்க," என்றாள். "கடல் பக்கம் நான் இருந்ததே இல்ல."

"எப்ப கெளம்புறீங்க?"

"சாப்பிட்டுட்டு."

லியென் தலையை ஆட்டி, எழுந்து உள்ளே போய், வழிக்கு என்று வறுத்த மீனைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.